47 லட்சம் வாசகர்கள் போதாத பத்திரிகை

"தொழிலாளிக்குன்னு பத்திரிகை நடத்தினா தொழிலாளியே வாங்க மாட்டான் சார்." இதைப் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். பத்திரிகை அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன், சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களில் பாதிப் பேர் தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள்தான். வருத்தத்தோடுதான் சொல்வார்கள். சமீபத்தில் சங்க வேலையிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரும் இதையே சொன்னார். வயதில் மூத்தவர், அவரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவே இல்லை. அது உண்மையில்லை என்று காட்ட ஒரே ஒரு பத்திரிகையின் கதை போதும். லண்டனிலிருந்து வந்த டெய்லி ஹெரால்டு. 1964-இல் அந்தப் பெயரை அழித்தபோது அதற்கு 47 லட்சம் வாசகர்கள் இருந்தார்கள். தி டைம்ஸ், கார்டியன், பைனான்சியல் டைம்ஸ் மூன்றையும் ஒன்றாகக் கூட்டினாலும் ஏறத்தாழ அதில் பாதிதான் தேறும். அந்த மூன்றும் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒரு தமிழ் நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவன். செய்தி எழுதியதில்லை, பக்கத்தில் இடம் விற்றிருக்கிறேன். ரேட் கார்டை, அதாவது விளம்பரக் கட்டணப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு விளம்பர ஏஜென்சிகளின் படியேறுவதுதான் வேலை. ஒருமுறை ஒரு ஏஜென்சியில், எந்த விளம்பரம் எந்தப் பத்திரிகைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் மீடியா பிளானர் முன்னால் உட்கார்ந்து எங்கள் பத்திரிகையின் பெருமையை அடுக்கினேன். டீக்கடையில் எங்கள் பத்திரிகை ஒன்று போட்டால் தாள் தாளாகப் பிரிந்து பத்துப் பதினைந்து பேர் கைக்குப் போகும், சலூனில் கிடக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் கிடக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுதான் சார் சிக்கலே" என்றார். அவர் கிளையன்ட் விற்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. அன்றைய வாசகர் கணக்கெடுப்பில் வீடுகளை வகைபிரிக்க இரண்டு கேள்விகள்தான்: சம்பாதிப்பவர் எவ்வளவு படித்தவர், பட்டியலில் உள்ள பதினோரு பொருட்களில் வீட்டில் எத்தனை இருக்கின்றன. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கார் என்று போகும் அந்தப் பட்டியல். எங்கள் வாசகர்களின் வீடுகளில் அவை குறைவு. காசு கொடுத்து வாங்காமல் டீக்கடையில் படிப்பவர் அவர் கணக்கில் வரவே இல்லை. எங்களைவிடப் பாதி கூட விற்காத ஒரு பத்திரிகைக்கு அந்த முழுப்பக்க விளம்பரம் போனது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஹெரால்டின் கதையைப் படித்த பிறகுதான் அந்த மேஜையில் நடந்தது எவ்வளவு பழைய பேச்சு என்று விளங்கியது.

கம்பாசிட்டர்களின் தாள்

எழுத்துகளை அச்சுக்கோக்கும் தொழிலாளர்களின் லண்டன் கம்பாசிட்டர் சங்கம், வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாக்கக் கேட்டு நடத்திய போராட்டத்தில் பிறந்த தாள் இது. 1910 டிசம்பரில் வேலைநிறுத்தச் செய்திகளுக்காக ஒரு தினத்தாளைச் சங்கமே அச்சடித்தது. 1911 ஜனவரி 25 முதல் அதற்கு டெய்லி ஹெரால்டு என்று பெயர் வைத்தார்கள். ஏப்ரலில் போராட்டம் முடிந்தது, தாளும் நின்றது. ஆனால் தனக்கென்று ஒரு தினசரி இருந்தால் எப்படி இருக்கும் என்பதை லண்டன் தொழிலாளி பார்த்துவிட்டான். பென் டில்லெட், ஜார்ஜ் லான்ஸ்பரி போன்ற தொழிலாளர் தலைவர்கள் கையில் சில நூறு பவுண்டை மட்டும் வைத்துக்கொண்டு 1912 ஏப்ரல் 15 அன்று அதை நிரந்தர நாளிதழாகத் தொடங்கினார்கள். டைட்டானிக் மூழ்கியது அதே நாள் விடியற்காலையில்.

முதல் பத்து வருடத்து ஹெரால்டுதான் எனக்குப் பிடித்த ஹெரால்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்களோடு நின்றது, 1913 டப்ளின் கதவடைப்பில் தொழிலாளர்களோடு நின்றது. முதல் உலகப் போரில் தினசரியாக நடத்தப் பணமில்லாமல் வார இதழாகச் சுருங்கினாலும் போரை எதிர்ப்பதை விடவில்லை. 1917 நவம்பரில் வந்த ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நாடே ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் திண்டாடுகிறது, சிக்கனமாகச் சாப்பிடுங்கள் என்று அரசாங்கம் ஏழைகளுக்கு உபதேசம் செய்கிறது. ஹெரால்டின் பிரான்சிஸ் மெய்னெல் நேராக லண்டன் ரிட்ஸ் ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்து, பணக்காரர்களுக்கு என்னென்ன தங்குதடையில்லாமல் பரிமாறுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்து எழுதினார். 'ரிட்ஸில் எப்படிப் பட்டினி கிடக்கிறார்கள்' என்று தலைப்பு. ஆவேசமான தலையங்கம் எதுவும் தேவைப்படவில்லை, மெனுவே போதுமானதாக இருந்தது.

ஹெரால்டின் கார்ட்டூனிஸ்ட் வில் டைசனின் கார்ட்டூன் இன்னொன்று. 1919 மே மாதம், முதல் உலகப் போருக்குப் பிறகான வெர்சாய் சமாதான உடன்படிக்கையின் நேரம். நான்கு தலைவர்கள் மாநாட்டு மண்டபத்திலிருந்து வெளியே வருகிறார்கள். முன்னால் வரும் பிரான்ஸ் பிரதமர் கிளமென்ஸோ, எங்கேயோ குழந்தை அழும் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று நிற்கிறார். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை துணியில்லாமல் அழுதுகொண்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் '1940 வகுப்பு' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்குப் பிறந்த பிள்ளை பட்டாளத்துக்குப் போகும் வயதைத்தான் டைசன் கணக்குப் போட்டிருந்தார். 1940-இல் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. டைசன் 1938-லேயே இறந்துவிட்டார்.

லான்ஸ்பரிக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர், அன்னி பெசன்டின் நண்பர். பெசன்ட் முன்னின்று தயாரித்த இந்தியக் காமன்வெல்த் மசோதாவை 1925-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுபோய் வைத்தவர் லான்ஸ்பரிதான். பெசன்டின் நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த பி.பி.வாடியா 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். திரு.வி.க. தன் தேசபக்தனில் அந்தத் தொழிலாளர்களுக்காக எழுதினார். இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சங்கமும் அச்சகமும் கைகோத்துத்தான் வளர்ந்திருக்கின்றன.

சரி, பணத்துக்கு வருவோம். 1919-இல் மறுபடி தினசரியான ஹெரால்டு சீக்கிரமே மூன்று லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கூடவே நஷ்டமும் ஏறியது. எவ்வளவு அதிகம் விற்றோமோ அவ்வளவு அதிகம் இழந்தோம் என்று லான்ஸ்பரியே பின்னால் எழுதியிருக்கிறார். வெளியில் இருப்பவர்களுக்கு இது புதிராக இருக்கும். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குப் புதிரே இல்லை. ஒரு பிரதியின் விலை அதன் காகிதச் செலவுக்குக் கூடக் காணாது. மிச்சத்தை விளம்பரம் கட்ட வேண்டும். விளம்பரம் வராத பத்திரிகைக்கு ஒவ்வொரு புது வாசகரும் ஒரு புதுச் செலவு. போட்டியாளர்கள் ஒரு பென்னிக்கு விற்றபோது ஹெரால்டு இரண்டு பென்னி கேட்க வேண்டியதாயிற்று. அதாவது ஊரிலேயே ஏழை வாசகன் ஊரிலேயே அதிக விலை கொடுத்துப் பத்திரிகை வாங்கினான். வாங்கினான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1920-இல் ரஷ்யாவிலிருந்து 75,000 பவுண்டு உதவி வருவதாக இருந்தபோது, அதை வாங்கலாமா என்று ஹெரால்டு தன் பக்கத்திலேயே வாசகர்களைக் கேட்டது. கடைசியில் வேண்டாம் என்று விட்டது. 1922-இல் தாக்குப்பிடிக்க முடியாமல் லான்ஸ்பரி பத்திரிகையைப் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸிடமும் லேபர் கட்சியிடமும் ஒப்படைத்தார்.

51-க்கும் 49-க்கும் நடுவில்

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 1929-இல் நடந்ததைத்தான். அப்போது ஹெரால்டு தொழிற்சங்கக் காங்கிரஸின் கையில் இருந்தது. சங்கத் தீர்மானங்களும் அறிக்கைகளுமாக, சோர்வான பத்திரிகையாகிவிட்டது என்று அதை நேசித்தவர்களே குறைப்பட்டார்கள். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் எர்னஸ்ட் பெவின் ஒரு வழி கண்டுபிடித்தார். பதினோரு வயதோடு பள்ளிக்கூடம் நின்ற மனிதர், பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். மறுபக்கம் ஓடம்ஸ் என்ற அச்சு நிறுவனத்தை நடத்திய ஜூலியஸ் எலியாஸ். எலியாஸுக்கு அரசியல் ஆர்வம் கிடையாது. அவருக்கு இருந்தது அச்சு இயந்திரம் பற்றிய கவலை. ஓடம்ஸ் ஞாயிறுதோறும் தி பீப்பிள் பத்திரிகையை அச்சடித்தது. அந்தப் பெரிய இயந்திரங்களுக்கு மற்ற நாட்களில் போதுமான வேலை இல்லை. அச்சகம் நடத்துபவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஓடாமல் நிற்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய வேதனை அவர்களுக்கு இல்லை.

ஒப்பந்தம் இதுதான். புதிய ஹெரால்டில் ஓடம்ஸுக்கு 51 சதவீதம், தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு 49. வியாபாரம் ஓடம்ஸின் பொறுப்பு. அரசியல் கொள்கையில் லேபர் கட்சியின் மாநாட்டு முடிவுகள், தொழில் விவகாரங்களில் தொழிற்சங்கக் காங்கிரஸின் முடிவுகள் செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெவின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சங்கக் கிளைகள் வாசகர் சேர்க்கும் படையாக மாறின. 1930 மார்ச் 17 அன்று புதிய ஹெரால்டு வந்தது. இரண்டரை லட்சத்தில் தள்ளாடிய பத்திரிகை பத்து லட்சத்தைத் தொட்டது. அப்புறம் லண்டன் பத்திரிகைகளுக்குள் பெரிய சண்டை மூண்டது. வீடு வீடாக ஆள் அனுப்பி, பத்து வாரம் வாங்கினால் பேனா, கேமரா, பாத்திரம், டிக்கன்ஸ் நாவல் தொகுதி என்று அள்ளிக் கொடுத்தார்கள். 1933-இல் 20 லட்சம் பிரதி விற்ற உலகின் முதல் நாளிதழ் டெய்லி ஹெரால்டு. வேலைநிறுத்தத்தில் பிறந்த தாள், 22 வருடத்தில்.

இதைச் செய்தது ஓடம்ஸின் வியாபாரத் திறமை மட்டும் என்று சொல்ல மாட்டேன். வாசகனைப் பிடித்துக் கொண்டுவந்தது சங்கத்து ஆட்கள். வேலை முடிந்து களைத்துப் போய், சைக்கிளை மிதித்துச் சக தொழிலாளியின் கதவைத் தட்டிச் சந்தா சேர்த்தவர்கள். அந்த உழைப்புக்கு ஒப்பந்தத்தில் ஒரு சதவீதம் கூட எழுதப்படவில்லை.

பெவினைக் குறை சொல்ல எனக்கு முழு மனசு வரவில்லை. 51-ஐக் கொடுக்காமல் விட்டிருந்தால் ஹெரால்டு 1930-களிலேயே மூடப்பட்டிருக்கலாம். பத்திரிகை என்ன எழுத வேண்டும் என்பதைக் கவனமாகக் காகிதத்தில் கட்டிப்போட்டார், அதுவே பெரிய காவல் என்று நம்பினார். பத்திரிகை உயிரோடு இருக்குமா சாகுமா என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஒப்பந்தத்தில் ஒரே பதில்தான் இருந்தது: 51 வைத்திருப்பவர். தலையங்கத்தைக் காப்பாற்றிவிட்டு அச்சகத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில், தொழிலாளர் இயக்கங்கள் பத்திரிகை நடத்தும்போது எல்லா ஊரிலும் சறுக்குகிற இடம் இதுவே. எந்த வார்த்தை வர வேண்டும், எந்தப் படம் வர வேண்டும் என்று இரவெல்லாம் சண்டை போடுவோம். காகிதம் யார் பெயரில் வருகிறது என்று ஒருவரும் கேட்க மாட்டோம்.

20 லட்சம் விற்றும் கல்லா நிறையவில்லை. விளம்பரதாரர் அன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: உங்கள் வாசகர் யார்? இதில் போர்க்கால அனுபவம் ஒன்று கண்ணைத் திறக்கும். இரண்டாம் உலகப் போரில் பத்திரிகைக் காகிதத்துக்கு ரேஷன் வந்தது. எல்லாப் பத்திரிகைகளும் சில பக்கங்களுக்குச் சுருங்கின. விளம்பரம் போட இடம் கிடைப்பதே அரிதாக, விளம்பரதாரர்கள் கிடைத்த இடத்தில் போட்டார்கள். ஹெரால்டுக்கும் பங்கு வந்தது. 1950-களில் ரேஷன் நீங்கிப் பக்கங்கள் பெருகியதும் பழையபடி பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். 1960-இல் நியூஸ் கிரானிக்கிள் என்ற இன்னொரு நாளிதழ் பத்து லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டே மூடப்பட்டது. ஹெரால்டின் கடைசிக் காலக் கணக்கு இன்னும் பளிச்சென்று இருக்கிறது: தேசிய நாளிதழ்களின் மொத்த விற்பனையில் 8.1 சதவீதம் அதனுடையது. விளம்பர வருமானத்தில் அதற்குக் கிடைத்தது 3.5 சதவீதம். வாசகர்கள் வயதாகிக்கொண்டிருந்தார்கள், இளம் தொழிலாளிகள் டெய்லி மிரர் பக்கம் போனார்கள், விற்பனையும் உச்சத்திலிருந்து இறங்கித்தான் இருந்தது. அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இறக்கத்திலும் பன்னிரண்டு லட்சம் பிரதிக்கு மேல் தினமும் போனது. டீக்கடை மேஜையிலிருந்து பார்த்தால் அது மாபெரும் வெற்றி. ஏஜென்சி மேஜையிலிருந்து பார்த்தால் சுமை.

75 வருடம்

1961-இல் மிரர் குழுமம் ஓடம்ஸையே வாங்கியது. ஏழு வருடத்துக்காவது ஹெரால்டை நடத்துவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1964-இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் தன் 49-ஐயும் விற்றுவிட்டது. செப்டம்பர் 15 அன்று அதே பத்திரிகை தி சன் என்ற பெயரில் வந்தது. அதுவும் ஓடவில்லை. 1969-இல் ரூபர்ட் மர்டோக் வாங்கினார். அப்புறம் அது சங்கங்களை எதிர்க்கும் பரபரப்புப் பத்திரிகையாக ஆனது உலகத்துக்கே தெரியும்.

1986 ஜனவரி 24 அன்று மர்டோக் குழுமத்தின் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் 5,500 பேரை நிர்வாகம் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தது. லண்டனின் வாப்பிங் பகுதியில் முள்வேலி போட்டுக் கட்டிய புதிய ஆலையில், கம்பாசிட்டர்களே தேவைப்படாத கணினி முறையில், தி டைம்ஸும் தி சன்னும் அச்சாயின. வெளியே ஒரு வருடத்துக்கு மேல் மறியல் நடந்தது. 1987 பிப்ரவரியில் சங்கங்கள் தோற்றுப் பின்வாங்கின. ஹெரால்டு என்ற பெயரோடு கம்பாசிட்டர்களின் போராட்டத் தாள் வந்தது 1911 ஜனவரி 25. நாட்காட்டியில் 75 வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. அந்தத் தாளின் வாரிசுதான் வாப்பிங் வேலிக்குள் அச்சானது. முதல் முறை இதைக் கணக்குப் பார்த்தபோது உடம்பே நடுங்கியது. வேலிக்கு வெளியே நின்றவர்களில் சிலருடைய தாத்தாக்கள் 1911-இல் அந்தத் தாளை அச்சுக்கோத்திருக்கலாம். கம்பாசிட்டர் வேலை அங்கே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற வேலை.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் முடிந்ததா என்று பார்த்தால், டென்மார்க்கில் தொழிற்சங்கங்கள் நடத்திய அக்டுவேல்ட் 2001-இல் மூடப்பட்டது. சுவீடனில் அஃப்டன்பிளாடெட்டின் பெரும்பங்கு கைமாறிவிட்டது; சங்கத்திடம் சிறு பங்கும் தலையங்கப் பக்கமும் மிஞ்சியிருக்கின்றன. நார்வேயின் கதை மட்டும் வேறு. அங்கே ஊர்தோறும் இருந்த தொழிலாளர் பத்திரிகைகள் 1948-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அதுதான் பின்னாளில் ஏ-பிரெசன், 2012-இல் அமீடியா. ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு பத்திரிகை, அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், மீன்பிடித் துறைமுகம், நகராட்சிக் கூட்டம் என்று எழுதியது. பிறகு இணையத்தில் வாசகரிடமே சந்தா வாங்குவதில் முழு மூச்சாக இறங்கியது. 2016-இல் தொழிற்சங்கங்கள் தங்கள் பங்கை விற்றபோது, வாங்கியது ஒரு சேமிப்பு வங்கி அறக்கட்டளை. அதாவது, பக்கத்தைப் பொறுக்கி எடுக்கும் விளம்பரதாரரை மட்டும் நம்பியும் இல்லை, லாபத்தை அள்ளிப் போகும் முதலாளியும் இல்லை. 2024-இல் அந்த அமீடியா, 1749-இல் தொடங்கிய டென்மார்க்கின் பெர்லிங்ஸ்கே பத்திரிகையை வாங்கியது. பழமைவாதிகளின் பத்திரிகை என்று பேர்பெற்ற பெர்லிங்ஸ்கே, தொழிலாளர் பத்திரிகைகளின் வாரிசு கையில்.

இதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன், ஆனாலும் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அமீடியா இன்று ஒரு கண்ணியமான செய்தி நிறுவனம், தொழிலாளர் பத்திரிகை என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு ஊரில் வேலைநிறுத்தம் நடந்தால் அதன் நிருபர் போவார், இரு தரப்பையும் கேட்டு ஒழுங்காக எழுதுவார். அது சின்ன விஷயமில்லை. நம் ஊரில் ஆலை வாசலில் ஐந்நூறு பேர் உட்கார்ந்தாலும் ஒரு பத்தி வருவதில்லை. ஆனால் மெய்னெல் ரிட்ஸுக்குள் போனது யாரிடமும் கருத்துக் கேட்க அல்ல. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, அவருடைய வாசகர்களுக்கும் தெரிந்திருந்தது. அதைத் தட்டோடு எடுத்துக் காட்ட ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. நம்மூரில் சங்கங்களும் கட்சிகளும் நடத்தும் பத்திரிகைகளுக்காக இன்னும் சந்தா புத்தகத்தோடு வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக்கும் வருவார்கள். இப்போதெல்லாம் சந்தா கொடுக்கும்போது ஒன்று கேட்கிறேன்: அச்சகம் யாருடையது, காகிதத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள், நாளைக்கு மூடலாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது? சிலர் விசாரித்துச் சொல்கிறேன் தோழர் என்று போயிருக்கிறார்கள். ஒரு இளைஞர் மட்டும் அடுத்த மாதம் திரும்பி வந்து, பங்குகள் யார் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்து விளக்கினார். அவரிடம் இரண்டு வருடச் சந்தா கட்டினேன்.